பிரேக் டீச்சர் கட்டாத அபராதம்

அந்த நகரத்தில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் பிரேக் டீச்சரிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேர் ஓட்டுகிற லட்சணத்தைப் பார்த்தாலே அவளிடம் வாங்காதவர்கள் என்று தெரிந்துவிடும். பயிற்சிக் காரில் ஆசிரியர் உட்காருகிற பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டல்லவா, அதை மிதித்து மிதித்தே அவளுடைய வலது கால் செருப்பு இடது கால் செருப்புக்கு மூன்று மாதம் முன்னதாகத் தேய்ந்துபோகும். பேர் வந்தது அப்படித்தான்.

இருபத்திரண்டு வருடமாக அவள் வாயில் ஒரே மந்திரம்: "கண்ணாடி பாத்தீங்களா?" வண்டியை எடுக்கும் முன் கண்ணாடி. திரும்பும் முன் கண்ணாடி. நிறுத்தும் முன் கண்ணாடி. வீட்டில் கணவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தால்கூட, "பின்னாடி பாத்தீங்களா?" என்பாள். அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். "மேல போகும், கீழ வரும், அதுதாம்மா நல்ல வண்டி. பின்னாடி எவனும் வரமாட்டான்" என்பார்.

அவளுடைய கார் சின்ன வெள்ளைக் கார். முன்பக்கக் கண்ணாடியில் இரண்டு பின்நோக்குக் கண்ணாடிகள் இருக்கும். ஒன்று ஓட்டுகிறவருக்கு. இன்னொன்றை அவளே ஒட்டிவைத்திருந்தாள். அவள் பக்கமாகச் சாய்ந்திருக்கும் அதில், உட்கார்ந்த இடத்திலிருந்தே பின்பக்கம் முழுதும் தெரியும். பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கிற தட்டில் ஒரு காகிதக் கைக்குட்டைப் பெட்டி எப்போதும் இருக்கும். அழுகிறவர்களுக்காக. சும்மா சொல்லக்கூடாது, மாதம் இரண்டு பெட்டி காலியாகும்.

அந்தப் பெட்டிக்கு அதிகம் வேலை வைத்தவர் ரொட்டிக்கடைக்காரர். வயது ஐம்பத்தாறு. கடையின் வேனை ஓட்டிக்கொண்டிருந்த அவர் மனைவிக்கு முட்டியில் அறுவை சிகிச்சை நடந்ததால், இனி நீதான் ஓட்ட வேண்டும் என்று தலையில் வந்து விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு முந்நூறு ரொட்டி உருட்டுவார். ஸ்டியரிங்கைப் பிடித்தால் கழுத்து உலக்கை மாதிரி விறைத்துக்கொள்ளும். கண்ணாடிப் பக்கம் கண்ணே போகாது. டீச்சர் "நீங்க ரெடி" என்று வாயைத் திறந்து சொன்னதே இல்லை. அவராகவே அவசரப்பட்டுப் பேர் கொடுத்து, மூன்று தடவை ஓட்டுநர் தேர்வில் தோற்றிருந்தார். மூன்று முடிவுத் தாளிலும் ஒரே காரணம்: கண்ணாடியைப் பார்க்கவில்லை.

நான்காவது தேர்வு அன்றுதான் வினை வந்தது.

போக்குவரத்து அலுவலகம் ஒரே கட்டடம். தேர்வு, ஆசிரியர் உரிமம், வாகன நிறுத்தம் மூன்றும் அதற்குள்தான். வாசலில் இருக்கிற நிறுத்துமிடத்தில் டீச்சர் காரை விட்டாள். இயந்திரத்தில் காசு போட்டு ஒரு மணி நேரத்துக்குச் சீட்டு வாங்கினாள். 11.40 வரை செல்லும் என்று கட்டை எழுத்தில், தேதியோடு அடித்திருந்தது. அதை ஸ்டியரிங்குக்கு முன்னால் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்துவிட்டு, படிவம் நிரப்ப உள்ளே நடந்தாள். பின்னாலேயே இறங்கிய ரொட்டிக்கடைக்காரர் படபடப்பில் கதவை அறைந்து சாத்தினார். அந்த வேகத்தில் சீட்டு பறந்ததை இருவருமே பார்க்கவில்லை.

அரை மணி நேரத்தில் திரும்பி வந்தால் வைப்பருக்கு அடியில் மஞ்சள் தாள். 'செல்லுபடியாகும் சீட்டு காணப்படவில்லை. நேரம் 11.10.'

"அய்யோ, நான் வாங்கினேனே!" என்று கத்திக்கொண்டே கதவைத் திறந்தாள். சீட்டு எங்கே இருந்தது தெரியுமா? பின்தட்டில், காகிதப் பெட்டியின் மேல் சாய்ந்து, எழுத்துப் பக்கம் முன்னால் தெரியும்படி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. முன்னாலிருந்து பார்த்தால் இருக்கையின் தலையணை மறைக்கும். பின்னாலிருந்து பார்த்தால் பெட்டி மறைக்கும். அபராதம் எழுதிய ஆள் அதற்குள் தெருமுனை தாண்டிவிட்டான்.

ரொட்டிக்கடைக்காரர் அன்று நான்காவது முறையாகத் தோற்றார். யாருக்கும் ஆச்சரியமில்லை.

டீச்சர் ஆட்சேபணை எழுதி, சீட்டின் நகலையும் இணைத்து அனுப்பினாள். மூன்று வாரத்தில் பதில் வந்தது. சீட்டில் வண்டி எண் இல்லை. அந்த நேரத்தில் அது வண்டிக்குள்தான் இருந்தது என்பதற்கு ஆதாரமில்லை. ஆகவே ஆட்சேபணை நிராகரிக்கப்படுகிறது. ஆதாரமாக மூன்று புகைப்படங்கள் இணைக்கப்பட்டுள்ளன. பணத்தைக் கட்டலாம், அல்லது நேரில் விசாரணைக்கு வரலாம்.

"வேற யார்கிட்டயாவது சீட்டைக் கடன் வாங்கிட்டு வந்து காட்டறேன்னு சொல்றாங்க. என்னை!" என்று சமையலறையில் நின்று கொதித்தாள்.

"கட்டித் தொலைச்சிடும்மா. ஒரு மணி நேரப் பாடத்துக்கு நீ வாங்கற காசுதானே" என்றார் கணவர்.

"ஏங்க, காசா இப்ப விஷயம்? அடுத்த மாசம் என் உரிமம் புதுப்பிக்கணும். பயிற்சிக் கார் பேர்ல ஒரே ஒரு அபராதம் பதிவாகியிருந்தாலும் ஆறு மாசம் நிறுத்தி வெச்சிடுவாங்க. கட்டினா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி. பாதியில நிக்கற பதினோரு பேரை நான் எங்க கொண்டுபோய் விடறது?"

கணவர் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆறு மாதம் இவள் வீட்டில் இருந்தால் தன் கதி என்ன என்றும் அவர் யோசித்திருக்கலாம். "அப்ப விடாதே" என்றார்.

விடாதே என்று சொல்வது சுலபம். கையில் என்ன இருக்கிறது? அந்த மூன்று படங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். முதல் படம் காரின் முன்னாலிருந்து எடுத்தது: ஸ்டியரிங்குக்கு முன்னால் வெறுமை. இரண்டாவது பின்னாலிருந்து: நம்பர் பிளேட், பின்கண்ணாடி, பூப்போட்ட காகிதப் பெட்டியின் முதுகு. மூன்றாவது அவள் உட்காருகிற பக்கத்து ஜன்னல் வழியாக: மறுபடி அதே வெறுமை. மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்கள். கனமே இல்லாமல் அவளுக்குப் பயமாக இருந்தது, அதுதான் அவமானமாகவும் இருந்தது. விசாரணைக்கு நான்கு நாள் இருக்கும்போது ஒரு மத்தியானம், வேறு தொழில் ஏதாவது தெரியுமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். தெரியாது.

அன்று பாடம் ரொட்டிக்கடைக்காரருக்கு. அவர் வண்டியை எடுத்தார், திரும்பினார், கண்ணாடி பார்க்கவே இல்லை. டீச்சர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டாவது தெருவிலேயே அவர் பயந்துபோய் ஓரமாக நிறுத்திவிட்டார்.

"என்ன டீச்சர், திட்ட மாட்டேங்கறீங்க? உடம்பு சரியில்லையா?"

அவள் பையிலிருந்து படங்களை எடுத்து அவர் மடியில் போட்டாள். "இதுதான் சார் உடம்பு. பாத்துக்கோங்க."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "எல்லாம் என் கைதான். கதவா அது, அடுப்புக் கதவுன்னு நெனச்சு அறைஞ்சிருக்கேன்." மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்றாவது படத்தில் நின்றார். படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"டீச்சர்... கண்ணாடி பாத்தீங்களா?"

அவளுக்கு வந்ததே கோபம்! "யோவ், இந்த நேரத்துல என்கிட்டயே கிண்டலா?" 'சார்' போடவெல்லாம் அப்போது இடமில்லை.

"கிண்டல் இல்ல டீச்சர். சத்தியமா இல்ல. இந்தப் படத்துல, மேல, உங்க கண்ணாடி. அதுக்குள்ள பாருங்க."

பிடுங்கிப் பார்த்தாள். படத்தின் மேல் ஓரத்தில், முன்கண்ணாடியில் அவள் ஒட்டிவைத்த அந்த இரண்டாவது கண்ணாடி. அவள் உட்காருகிற இடத்தை ஒட்டி, ஜன்னலில் கேமராவை வைத்து எடுத்திருக்கிறான் அல்லவா, அவளுக்குத் தெரிகிற அத்தனையும் அதிலே தெரிந்தது. பின்கண்ணாடி, தட்டு, பூப்போட்ட பெட்டி. பெட்டியின் மேல் சாய்ந்து ஒரு வெள்ளைச் சீட்டு. அதில் கட்டை எழுத்தில் எண்கள், இடம் வலம் மாறி.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்றால் இதுதான். ஊரையே கண்ணாடி பார், கண்ணாடி பார் என்று விரட்டியவள், இத்தனை நாளாக அந்தப் படத்தில் கண்ணாடியைத் தவிர எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். இதை அவளே பின்னால் பத்துப் பேரிடம் சொல்லிச் சிரித்தாள். அப்போது சிரிக்கவில்லை. "வண்டியை எடுங்க சார்! போட்டோ கடைக்கு!" என்று கத்தினாள். "கண்ணாடி பாத்து எடுங்க!"

விசாரணை நாள் காலை, அதே நிறுத்துமிடத்தில் சீட்டு வாங்கி, நான்கு மூலையிலும் டேப் போட்டு முன்கண்ணாடியில் ஒட்டினாள். ரொட்டிக்கடைக்காரர் சாட்சியாகச் சலவைச் சட்டையில் வந்திருந்தார். காதில் மட்டும் கொஞ்சம் மாவு.

சின்ன அறை. ஒரு மேசை, நான்கு நாற்காலி, ஓடாத மின்விசிறி. விசாரணை அதிகாரி வயதான அம்மாள். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டித் தொங்கவிட்டிருந்தார். அலுவலகத்தின் சார்பில் வந்தவர் கோப்பைத் திறந்து, எல்லாம் முடிந்த விஷயம் என்கிற மாதிரி வாசித்தார். சீட்டு வண்டிக்குள் இருந்ததற்கு ஆதாரமில்லை. மூன்று படம் இருக்கிறது.

"உங்க மூணாவது படத்தையே எடுத்துக்கறேன் சார்" என்றாள் டீச்சர். சுருட்டி வைத்திருந்த பெரிய பிரதியை மேசையில் விரித்தாள். கைப்பையிலிருந்து காரில் ஒட்டுகிற உபரிக் கண்ணாடியை எடுத்து, படத்துக்கு எதிரே பிடித்தாள். "இதுல பாருங்கம்மா."

அதிகாரி அம்மாள் குனிந்தார். அலுவலகத்துக்காரரும் எழுந்து வந்து குனிந்தார். ரொட்டிக்கடைக்காரரும் நடுவில் தலையை விட்டார். இடம் வலம் மாறியிருந்த எண்கள் நேராகி நின்றன. அன்றைய தேதி. 11.40.

அம்மாள் கோப்பைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

"படம் எடுத்த நேரம் 11.10" என்றார் அம்மாள்.

அலுவலகத்துக்காரர் தொண்டையைக் கனைத்தார். "சரி, உள்ள இருந்துச்சுன்னே வெச்சுக்கலாம். ஆனா விதிப்படி வெளிய நிக்கறவங்களுக்குத் தெரியணும். இது நேராத் தெரியலையே. கண்ணாடியிலதானே தெரியுது?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இருபத்திரண்டு வருடம் காத்திருந்தவள் போல டீச்சர் நிமிர்ந்தாள்.

"கண்ணாடியில தெரிஞ்சா தெரிஞ்ச மாதிரி இல்லையா சார்? பின்னாடி லாரி வருது, கண்ணாடியிலதானே தெரியுது, நேராத் தெரியலையேன்னு வண்டியைத் திருப்பலாமா?" ரொட்டிக்கடைக்காரரின் பக்கம் கையை நீட்டினாள். "இவரை இதே கட்டடத்துல, கீழ் மாடியில, உங்க அலுவலகம் நாலு தடவை ஃபெயில் பண்ணியிருக்கு. எதுக்கு? சொல்லுங்க சார்."

"கண்ணாடி பாக்கலைன்னு" என்றார் ரொட்டிக்கடைக்காரர். நான்கு தாள்களையும் சட்டைப் பையிலிருந்து எடுத்து, சீட்டு விளையாடுகிறவர் போல மேசையில் வரிசையாகப் போட்டார்.

"இவர் பாக்கலைன்னா தப்பு. உங்க ஆளு பாக்கலைன்னா எனக்கு அபராதமா? என் வகுப்புக்கு அனுப்புங்க சார் அவரை. முதல் பாடம் இலவசம்."

அதிகாரி அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அலுவலகத்துக்காரர் அந்த நான்கு தாள்களை ஒருமுறை பார்த்தார், தன் கோப்பை ஒருமுறை பார்த்தார், பிறகு கோப்பை மூடிவிட்டார். "சொல்றதுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார், பாவம்.

அம்மாள் எழுதிக்கொண்டே வாசித்தார்: "சீட்டு வாகனத்துக்குள் இருந்தது. வெளியிலிருந்து எடுத்த படத்திலேயே தெரிகிறது. அபராதம் ரத்து. பதிவிலிருந்தும் நீக்கப்பட வேண்டும்." பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தார். "என் பேரனுக்கு பதினெட்டு ஆகப்போகுது. உங்க நம்பர் குடுங்க."

உத்தரவின் மை காய்வதற்குள் டீச்சர் இரண்டாவது மாடிக்கு ஏறி, உரிமம் புதுப்பிக்கிற கவுன்டரில் நின்றாள். தாளைக் கண்ணாடித் தடுப்புக்கு அடியில் தள்ளினாள். முத்திரை விழுந்த சத்தம் அவள் காதுக்கு அப்படி இனித்தது. இன்னும் ஐந்து வருடம்!

வெளியே வந்து கணவருக்குப் போன் போட்டாள். "ஜெயிச்சுட்டேங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் நிறுத்துமிடமே திரும்பிப் பார்த்தது. அந்தச் சந்தோஷத்தில் டேப்பைக்கூடப் பிரிக்காமல் ஓட்டுகிற சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ரொட்டிக்கடைக்காரர் சுற்றி வந்து ஆசிரியர் சீட்டில் உட்கார்ந்தார். பேசிக்கொண்டே கியரைப் போட்டாள், பேசிக்கொண்டே பின்னால் எடுத்தாள்.

வண்டி குலுங்கி நின்றது. பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டே உரசுகிற தூரத்தில் கடந்து போனது.

டீச்சர் தன் கால்களைப் பார்த்தாள். அவள் பிரேக்கைத் தொடவே இல்லை. பக்கத்தில் பார்த்தாள். ரொட்டிக்கடைக்காரரின் கால் ஆசிரியர் பிரேக்கின் மேல் அழுந்தியிருந்தது. கண் மேலே, அவளுடைய கண்ணாடியில் இருந்தது. முகம் வெளுத்திருந்தாலும் உதட்டோரம் சிரிப்பு துடித்தது.

"கேக்கலாமா டீச்சர்?" என்றார்.

"கேளுங்க, கேட்டுத் தொலைங்க."

"கண்ணாடி பாத்தீங்களா?"

அவள் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்து, நான்கு வாரத்துப் பயமெல்லாம் கண்ணில் தண்ணீராக வந்தது. அவர் பின்னால் கையை நீட்டி, பூப்போட்ட பெட்டியை எடுத்து அவளிடம் கொடுத்தார். அதிலிருந்து அவள் தனக்கென்று ஒன்றை உருவியது அதுவே முதல் தடவை.

மூக்கைச் சிந்திவிட்டு, இந்தத் தடவை மூன்று கண்ணாடிகளையும் ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்து வண்டியை எடுத்தாள்.

"செவ்வாய்க்கிழமை டெஸ்டுக்கு உங்க பேரைக் குடுத்திடறேன் சார்" என்றாள். "நீங்க ரெடி."