சங்கரலிங்கம் ஏலத்தில் எடுத்த பின்பால் மெஷின்

சங்கரலிங்கம் போய்விட்டான். காலையில் நொய்டாவில்... மாரடைப்பு என்று அவன் மனைவி சாந்தி போன் செய்தாள்.

டெல்லி ஆர்.கே.புரம் கவர்ன்மென்ட் குவார்ட்டர்ஸில் பதினோரு வருஷம் எங்கள் தலைக்கு மேல் குடியிருந்தவன். தென்காசிக்காரன். என்னை மதினி என்பான், என் வீட்டுக்காரரை அண்ணாச்சி என்பான்.

போனை வைத்ததிலிருந்து எனக்குத் துக்கம் மட்டும் இல்லை, பயம்.

அவனுக்கு பின்பால் மெஷின் பைத்தியம். பழைய கிளப்புகளில் இருக்குமே... நாலு கால், மேலே கண்ணாடி, உள்ளே இரும்புக் குண்டு ஓடி ஓடி முட்டினால் விளக்கு எரியும். இன்டர்நெட் ஏலத்தில் எடுப்பான், ரிப்பேர் பார்ப்பான், அதே ஏலத்தில் கூடுதல் விலைக்கு விற்பான்.

முதல் மெஷின் பம்பாயிலிருந்து ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. மாடிக்கு ஏற்றும்போது என் கறிவேப்பிலைத் தொட்டியை உடைத்தார்கள். வேறு வாங்கித் தருகிறேன் என்றான், தரவில்லை. இதை அவன் முகத்துக்கு நேராகவே நூறு தடவை சொல்லியிருக்கிறேன், அதனால் இப்போதும் சொல்லலாம்.

அன்றிலிருந்து என் அடுப்படிக்கு மேலே குண்டு உருளும் சத்தம். உருளும்போதெல்லாம் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவேன்.

குவார்ட்டர்ஸில் வியாபாரம் செய்யக் கூடாது. எதிர் பிளாக்கில் ஒருவர் நாலு தையல் மெஷின் போட்டு ஆள் வைத்துத் தைத்தார், யாரோ ஆபீஸுக்கு எழுதிப் போட்டார்கள்.

ஒருநாள் பட்டப்பகலில் அவர்கள் கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜ் எல்லாம் புல்தரையில் கிடந்தன. அந்த அம்மா ஊறுகாய் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்... அதைப் பார்த்தவள் நான்.

அமெரிக்க ஏலம் நமக்குக் காலையில்தான் முடியும். கீழே ஆபீஸ் பஸ் ஹார்ன் அடிக்கும், இவன் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்க மாட்டான்.

"கடைசி பத்து செகண்ட்லதான் வெல போடணும் மதினி. முன்னாடியே ஆசையக் காட்டினா மத்தவன் ஏத்தி விட்ருவான்" என்பான்.

2004இல் அப்படி ஒன்று எடுத்தான். எடுத்த பிறகுதான் என்னிடம் வந்தான்.

"கோவிச்சுக்கிடாதீங்க மதினி. பெட்டி வர்றதுக்கு அண்ணாச்சி பேரும் ஒங்க அட்ரஸும்தான் குடுத்திருக்கேன். எங்க வீடு பகல்ல பூட்டிக் கெடக்கும், நீங்கன்னா எப்பவும் இருப்பீங்க."

என்னைக் கேட்டானா? அவரைக் கேட்டானா? அவருக்கு ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் இருந்தது. கடைசி நேரத்தில் விசாரணை என்று ஒன்று வந்தால் பென்ஷனே நின்றுவிடும் என்று சொல்லிச் சொல்லி அவர் என்னைப் பயமுறுத்தி வைத்திருந்தார்.

அவரிடம் நான் மூச்சு விடவில்லை.

வெயில் தொடங்கின சமயம் ஒரு மத்தியானம் ரிஜிஸ்டர் தபால் வந்தது. எல்லாம் இங்கிலீஷ். எனக்குத் தெரிந்தது இரண்டுதான்... மேலே சிங்க முத்திரை, நடுவில் ரேஷன் கார்டில் பார்த்துப் பழகின அவர் பெயர்.

பிடித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். அரிசி டின்னுக்கு அடியில் வைத்தேன். பெற்ற மகனிடம்கூடப் படிக்கக் கொடுக்கவில்லை.

பெட்டி வந்து கிடந்த கஸ்டம்ஸ் கிடங்கில் சங்கரலிங்கம் போய்க் கேட்டால், யார் பெயரில் பெட்டியோ அவருக்கு நோட்டீஸ் போயிருக்கும், அதோடு அவரையும் கூட்டிவா என்றார்களாம். தினமும் என்னிடம் வந்து நிற்பான்.

"கஸ்டம்ஸ் தபால் ஏதும் வந்துச்சா மதினி?"

"வரலியே தம்பி."

அண்ணாச்சியை ஒருதடவை கூட்டிப் போகட்டுமா என்றான். அவருக்கு பிரஷர், ஒன்றும் சொல்லாதே என்றேன். மழைக்காலம் முடிவதற்குள், யாரும் எடுக்காத சரக்கு என்று அந்த மெஷினைக் கிடங்கிலேயே ஏலம் விட்டுவிட்டார்கள்.

அதை அவன் முன்னாலேயே குர்காவ்ன் ஆள் ஒருவனுக்கு விற்று அட்வான்ஸும் வாங்கியிருந்தான். அந்த ஆள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரோடு வந்து எங்கள் வாசலில் நின்று கத்தினான், சத்தம் கேட்டு சங்கரலிங்கம் மாடியிலிருந்து இறங்கி வந்தான்.

யார் பெயரில் பெட்டி வந்தது, அவன் எந்த ஆபீஸ், சொல்லு, எழுதிப் போடுகிறேன் என்று ஹிந்தியில் கேட்டுக்கொண்டே சங்கரலிங்கத்தின் சட்டையைப் பிடித்தான். நான் கம்பிவலை போட்ட ஜாலிக் கதவுக்கு இந்தப் பக்கம். இவர் உள்ளே குளித்துக்கொண்டிருந்தார்.

சங்கரலிங்கம் என்னைப் பார்த்தான். பிறகு அந்த ஆளிடம், "மேரே நாம் பே, பாய்சாப்" என்றான். என் பெயரில்தான் என்று.

அவர்கள் போன பிறகுதான் மகனிடம் தபாலைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். பெட்டி வந்திருக்கிறது, இந்தத் தேதிக்குள் எடுத்துக்கொள்ளவும்... அவ்வளவுதான். விசாரணையும் இல்லை, ஒன்றும் இல்லை.

அந்த ஆள் எழுதிப் போட்டான். சங்கரலிங்கத்துக்கு மெமோ வந்தது, குவார்ட்டர்ஸ் போயிற்று, சாந்தியும் இரண்டு பிள்ளைகளும் நொய்டாவில் ஒற்றை அறைக்குப் போனார்கள்.

என் வீட்டுக்காரர் நல்லபடியாக ரிட்டயர் ஆனார். அவர் போன பிறகும் அந்தப் பென்ஷனில்தான் நான் சாப்பிடுகிறேன்.

டெம்போவில் சாமான் ஏற்றின அன்று சொல்லிக்கொள்ள வந்தான். ஒரு டம்ளர் மோர் கொடுத்தேன், நின்றுகொண்டே குடித்தான்.

"அந்தத் தபால் கடைசி வரைக்கும் வரவே இல்ல, என்ன மதினி" என்றான்.

கேட்டானா, தெரிந்துகொண்டுதான் சொன்னானா... இத்தனை வருஷமாக எனக்குத் தெரியவில்லை. நான் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

நாளை பத்து மணிக்கு எடுக்கிறார்கள். சாந்தி முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால்தான் அவளும் பார்க்கிற இந்த ஃபேஸ்புக்கில் எழுதுகிறேன். படித்துவிட்டு என்னை உள்ளே விடுவாளோ, மாட்டாளோ.

தபால் வந்தது தம்பி. போய் வா.