டவுன் ஹால் படியில் என் சப்பாத்து

போன சனிக்கிழமை ஈப்போ டவுன் ஹாலில் எனக்கு ஒரு பேச்சு. தலைப்பு, அந்த மண்டபத்தின் வரலாறும் அலங்காரமும்.

ஒரு வாரம் தயார் செய்தேன். தடித்த வெள்ளைத் தூண்கள், வளைவுகள், கூரையோரச் சுதை வேலை... எல்லாம் மனப்பாடம். முடிப்பதற்கு ஒரு வசனம் வேறு — "வெள்ளைக்காரன் நம்மை மிரட்டக் கட்டிய வாசல் இது. இன்று நாம் நிமிர்ந்து நுழைகிறோம்!" கண்ணாடி முன் சொன்னபோது எனக்கே புல்லரித்தது.

அதை முணுமுணுத்தபடியேதான் படியேறினேன். உள்ளே போனதும் கால் சில்லென்றது. குனிந்து பார்த்தால்... வெறும் காலுறை! இடது கால் ஓட்டையில் கட்டைவிரல் எட்டிப் பார்க்கிறது.

சப்பாத்து? கீழ்ப்படியில். ஜோடியாக, ஒழுங்காக!

ஓடிப்போய் எடுக்கலாமென்று திரும்பினேன். விதி விடுமா? பேச்சாளரே கழற்றிவிட்டாரே என்று, பின்னால் வந்த கூட்டமும் கழற்றிக்கொண்டிருந்தது. சப்பாத்து, சிலிப்பர், ஹை ஹீல்ஸ்... கோயில் வாசல் தோற்றது. "உள்ளே பூசையா?" என்று மலாயில் கேட்டார் காவலாளி.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். நானா சொல்வேன்? மைக்கைப் பிடித்து, "பழைமைக்கு நாம் செய்யும் மரியாதை!" என்று அளந்தேன். கைதட்டல்! நிமிர்ந்து நுழையும் வசனத்தை மட்டும் விழுங்கிவிட்டேன்.

வெளியே வந்தால் வேலு நிற்கிறான். சுங்கை சிப்புட்டில் லோரி ஓட்டுகிறவன். என்னோடு ஒரே எஸ்டேட்டில் வளர்ந்தவன். அவன் காலில் மட்டும் சப்பாத்து.

"எல்லாருக்கும் நல்லா காதுல பூ சுத்திட்ட லா, மச்சான்."

"என்னடா சொல்ற?"

"வெள்ளைத் தூணு, அகலப் படி... நம்ம எஸ்டேட் ஆபீஸ் மாதிரியே இருக்குல்ல?"

வெள்ளைக்காரத் துரை இருந்த காலத்தில் அங்கே செருப்பைக் கீழே விட்டுத்தான் படியேற வேண்டும். மருந்துச் சீட்டுக்குப் போனாலும் கணக்கெழுதும் கிராணி முதலில் பார்ப்பது காலைத்தான். அப்பா கழற்றுவார், பார்த்து நானும் கழற்றுவேன்.

"சேச்சே... அதெல்லாம் இல்லடா!"

வேலு சிரிக்கவில்லை. குவியலில் தேடி, என் சப்பாத்தை எடுத்து முன்னால் வைத்தான்.

"போட்டுக்க மச்சான். தொரை போயி ரொம்ப வருசமாச்சு."

அப்பா என் ஒருவனுக்குத்தான் கற்றுக்கொடுத்தார். நான் ஒரு மண்டபத்துக்கே கற்றுக்கொடுத்துவிட்டேன்!

நேற்று புதுக் காலுறை வாங்கினேன். ஓட்டை இல்லாதது. எதற்கும் இருக்கட்டுமே...