தடை சொல்ல யாராவது உண்டா?

இந்த நாட்டில் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் யாரும் வந்து உட்கார மாட்டார்கள், நின்றுகொண்டே போவார்கள். வந்த புதிதில் சட்டையை மோந்துகூடப் பார்த்திருக்கிறேன். பின்லாந்துக்காரர்களுக்கு அதுதான் மரியாதை என்று பிறகுதான் தெரிந்தது. கேட்காமல் பக்கத்தில் வரக்கூடாது, கேட்காமல் பேசக்கூடாது. எங்கள் ஊர்ப்பக்கம் குலசேகரம் பஸ்ஸில் முன்பின் தெரியாதவர் மடியில் பையையும் பிள்ளையையும் கொடுத்துவிட்டு நின்று பழகியவன் நான். பிள்ளைகளே, இப்படிப்பட்ட ஊரில் ஒரு வயதான அம்மா, அத்தனை பேர் நடுவே, என் மகளின் பட்டத்துக்கான கூட்டத்தில் எழுந்து நின்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்?

நம் ஊர் அருமனையில் இருக்கும் பிள்ளைகளும், என்னைப்போல் இங்கே வந்தவர்களின் பிள்ளைகளும் வாசிக்க இதை எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். என் மனைவி முதியோர் இல்லத்தில் நர்ஸ். நான் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறேன். மகள் ஷைனி பௌத்தத்தைப் படித்தாள். பௌத்தத்தில் சேர்வது வேறு, பௌத்தத்தைப் படிப்பது வேறு. ஒரு புத்தர் சிலையை எந்தக் காலத்தில் யார் செதுக்கினார்கள் என்று தேடுவது வரலாறு. இன்று யார் அதற்கு என்ன பெயரிட்டு எண்ணெய் பூசிக் கும்பிடுகிறார்கள் என்று பார்ப்பது பண்பாடு. அதன்முன் உட்காருகிறவர் மனத்துக்குள் என்ன நடக்கிறது என்று கேட்பது உளவியல். மூன்றையும் சேர்த்துத்தான் அவள் ஆய்வு செய்தாள். எனக்கு இப்படித்தான் விளக்கினாள், எனக்குப் புரிந்தது. நாங்கள் கிறிஸ்தவர்கள்; ஊரில் என் அண்ணனுக்குத்தான் இது புரியவில்லை. போனில் கேட்டார்:

“எலே, ஒனக்க மோளு வேதம் மாறிட்டாளா? புத்தருக்கு வெளக்கு வைக்காளாமே?”

“மாறலண்ணே. படிக்காளாக்கும்.”

“அதப் படிச்சா என்ன வேல கிட்டும்? பேசாம நர்சுக்கு விட்டிருக்கலாம்லா.”

இங்கே டாக்டர் பட்டம் வாங்க எல்லார் முன்னாலும் நின்று பதில் சொல்ல வேண்டும். ஷைனி கறுப்பு உடுப்பில் நின்றாள். எதிரே, கேள்வி கேட்பதற்கென்றே வேறு நாட்டிலிருந்து அழைத்த ஒரு பேராசிரியர். அவரை ஆப்போனென்ட் என்கிறார்கள். மதியம்வரை அவர் குடைந்தார், இவள் அசரவில்லை. அப்பாடா என்று நான் காலை நீட்டினபோது, ஷைனியே கூட்டத்தைப் பார்த்து, “என் ஆய்வுக்கு மறுப்புச் சொல்ல யாராவது உண்டா? உண்டென்றால் எழுந்து பேசலாம்” என்றாள்.

எனக்கு நம் வேதக்கோயில்தான் ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்களே! மாப்பிள்ளை, பெண் பெயரைச் சொல்லி, தடை சொல்ல யாராவது உண்டா என்று போதகர் கேட்கும்போது சபை மூச்சுவிடாது. ஒருவர் எழுந்தாலும் கல்யாணம் நின்றுபோகும். இத்தனை வருஷம் படித்துவிட்டு, இப்படியொரு கேள்வியைப் பிள்ளை தானாகவே கேட்கலாமா என்று நான் பதறும்போதே, என் வரிசையிலிருந்த அந்த அம்மா எழுந்தார்.

“ப்ளீஸ், சிட்” என்று நாற்காலியைக் காட்டினேன்.

அவர் சிரித்து, “நன்றி. என் கால்கள் நன்றாகத்தான் இருக்கின்றன” என்றார் ஆங்கிலத்தில்.

என் மனைவி முழங்கையால் இடித்தாள். “இஞ்சருங்க, சும்மா இரியுங்க.”

“தடை சொல்லப் போறாங்கட்டி!”

“சொல்லட்டும். உங்க மோளுக்கு வாயில்லியா?”

அந்த அம்மா நிதானமாகக் கேட்டார்: “நீங்கள் பௌத்தர் அல்ல. புத்தர்முன் உட்காருகிறவர்களின் மனம் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

சரியான கேள்வி, அதுதான் எனக்குப் பயம்.

ஷைனி என்னைப் பார்த்தாள். “எங்கள் ஊர்ப்பக்கம் சிதறால் என்று ஒரு மலை இருக்கிறது. சின்ன வயதில் அப்பா என்னை அங்கே கூட்டிப்போனார். பாறையில் உட்கார்ந்திருக்கும் உருவத்தைக் காட்டி, இது புத்தர் என்றார். அது புத்தர் இல்லை, சமணத் தீர்த்தங்கரர். பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.” எல்லாரும் சிரித்தார்கள். நான் குனிந்துகொண்டேன். அவள் தொடர்ந்தாள். “நாங்கள் கிறிஸ்தவர்கள். அப்பா கும்பிடவில்லை. ஆனால் மலையேறும்வரை உரக்கப் பேசிவந்தவர், அந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினார். பெயர்தான் தப்பு; குரல் தாழ்ந்தது தப்பில்லை. பிறர் மனத்துக்குள் போய்வந்தேன் என்று நான் சொல்லவில்லை. எங்கே, எதற்காகக் குரல் தாழ்கிறது என்று அவர்களிடமே கேட்டு எழுதியிருக்கிறேன்.”

அந்த அம்மா தலையசைத்து உட்கார்ந்தார். ஆப்போனென்ட் ஷைனியின் கையைக் குலுக்கி, பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாகச் சொன்னார். இங்கே எதிர்த்துக் கேட்பதும் மரியாதைதான் என்று அன்று கற்றேன். அண்ணனுக்கு உடனே போன் போட்டேன்.

“புத்தரு பாஸ் போட்டாரா?”

“எனக்க மோளு பாஸாயிட்டாண்ணே!” கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன். பின்லாந்துக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

காப்பி குடிக்கும்போது அந்த அம்மா தாமாகவே என் பக்கத்தில் வந்து நின்று, “அந்த மலை எந்தப் பக்கம் இருக்கிறது?” என்று கேட்டார். யாராவது வழி கேட்டால் வீட்டு முற்றத்திலிருந்து காட்டுவதுபோல, யோசிக்காமல் கையை நீட்டினேன். ஜன்னலுக்கு வெளியே பனி பெய்துகொண்டிருந்தது.

“அப்பா, அது வடக்காக்கும். அங்கன பனி மட்டுந்தான் உண்டு” என்று ஷைனி என் மணிக்கட்டைப் பிடித்து தெற்குப் பக்கம் திருப்பினாள். அந்தப் பக்கச் சுவரில் எங்கள் மூவரின் பனிக்கோட்டுகளும் தொங்கிக்கொண்டிருந்தன. கையை இறக்காமல், “அந்தச் செவருக்கும் அங்க, ரொம்பத் தூரத்துல” என்றேன்.