சூட்டை வாங்கிட்டுக் கொட்டு

முட்டை வேகவைத்த தண்ணீரைக் கொட்டப்போன மகளின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்துகிறாள் டிப்போ அக்கா. "சூட்டை வாங்கிட்டுக் கொட்டுடி. சூடு என்ன ஓசியிலயா வருது?" பாத்திரம் மேஜைக்கு அடியில் போகிறது. தபால் கொடுத்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருக்கும் கணவர், ஒரு கேள்வியும் கேட்காமல் அதன் இரு பக்கமும் பாதங்களை ஒட்டி வைத்துக்கொள்கிறார். இனி அதனிடம் கறக்க ஒன்றுமில்லை என்று ஆன பிறகுதான் அந்தத் தண்ணீருக்குச் சாக்கடைக்குப் போக அனுமதி. குளித்த தண்ணீருக்கும் இதே சட்டம். சோப்பு நுரையும் அழுக்குமாகத் தொட்டியில் நின்று, இருக்கிற சூட்டையெல்லாம் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் போகலாம்.

அக்காவுக்கு வேலை பஸ் டிப்போவில், கிழிந்த சீட்டுகளுக்கு உறை தைப்பது. பிளேடால் கீறியது, பேனாவால் குத்தியது, கை சும்மா இருக்க முடியாமல் நோண்டி நோண்டிப் பஞ்சை எடுத்தது என்று ஒவ்வொரு கிழிசலுக்கும் தனித்தனி வசவு வைத்திருக்கிறாள். வளைந்த ஊசியைப் பிடித்துப் பிடித்து வலது கட்டைவிரல் ஒரு பக்கமாகத் திரும்பிவிட்டது. அந்த விரலை நீட்டி அவள் சண்டை போட்டால், தன்னைச் சொல்கிறாளா பக்கத்தில் நிற்பவரைச் சொல்கிறாளா என்று எதிராளி குழம்பிப்போவார். இனி உதவாது என்று டிப்போ கழித்துப்போடும் சீட்டுகளை மேலாளரிடம் கேட்டு வாங்கி வந்துவிடுவாள். அவள் சமையலறையில் நாற்காலி என்ற சாமானே கிடையாது. மேஜையைச் சுற்றி இருப்பதெல்லாம் பஸ் சீட்டுகள்தான். அடுப்பை ஒட்டி, இரண்டு பேர் உட்காரும் நீளமான சீட்டு. அதில் ஒரு பாதி அவளுடைய அப்பாவுக்கு. மறுபாதி நாய்க்கு.

நாயின் பெயர் ஸ்பேர். ஓடாத பஸ் ஒன்றின் அடியில் குட்டியாகக் கிடந்ததைச் சாக்கில் சுற்றித் தூக்கிவந்தாள். அப்போதே அதற்குக் கால் மூன்றுதான். "மூணு கால்லயே சர்வீஸ் ஓட்டறான் சார். நாலு கால் இருக்கறதுங்க என்ன கிழிச்சுது?" என்பாள். பூனைகள் இரண்டு. எதற்கெடுத்தாலும் வாதாடும் பெரிய பூனை வக்கீல். அதன் பின்னாலேயே நடந்து, அது விட்டதைத் தின்னும் சின்னது குமாஸ்தா. சும்மா உட்கார்ந்து தின்னும் உயிர் இந்த வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது என்பது அக்காவின் பெருமை. சாயங்காலம் ஆனதும் எல்லோருடைய கையையும் காலையும் தொட்டுப் பார்த்து, யார் மடியைச் சூடாக்க எது என்று வேலை பிரிப்பாள். "வக்கீல் இன்னைக்குப் பாப்பாவுக்கு. பரீட்சைக்குப் படிக்கறா. குமாஸ்தா உங்களுக்கு."

"எனக்கு எப்பவுமே குமாஸ்தாதானா?" என்று தபால்காரர் முனகுவார்.

"உங்க கேஸுக்கு அது போதும்."

குளிர் தொடங்கியதும் வீட்டையே சுருக்கிவிடுவாள். முன்னறை, படுக்கையறை எல்லாம் பூட்டு. ரெக்சின் துணியில் நீளநீளமாகக் குழாய் தைத்து, மரத்தூளை அடைத்து, கதவுகளின் அடியில் செருகிவிடுவாள். மெத்தைகள் சமையலறைக்கு வந்துவிடும். படிப்பு, தையல், தூக்கம், சண்டை, சமாதானம் எல்லாம் அந்த ஓர் அறையில்தான். "எரியறது ஒரு அடுப்பு. அது இருக்கற இடம்தான் வீடு. மத்ததெல்லாம் குடோன்." முன்னறையில் வைத்த தண்ணீர்க் குவளை ஒருநாள் காலையில் உறைந்து கிடந்தது. அதை எடுத்துவந்து எல்லோருக்கும் காட்டி, ஏதோ கோப்பை வென்றவள் கணக்காகச் சிரித்தாள்.

நான் மாடியில் குடியிருப்பவன். அவள் அடுப்பின் புகைக்குழாய் என் அறை வழியாகத்தான் மேலே போகிறது. அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் இதையெல்லாம் எழுதுகிறேன். அது அவளுக்குத் தெரியும். "என் அடுப்புல வெந்த எழுத்துதானே, நல்லாத்தான் இருக்கும்," என்பாள். பத்திரிகையில் அவளைப் பற்றி எழுதலாமா என்று கேட்டபோது இடுப்பில் கை வைத்து ஒரு நிபந்தனை போட்டாள். "எழுதுங்க. ஆனா பாவம்னு எழுதினீங்க, குழாயைத் திருப்பி விட்டுடுவேன். நாங்க ஒண்ணும் பாவமில்ல. சிக்கனம். ரெண்டும் வேற வேற." நான் பாவம் என்று எழுதவில்லை. எனக்கு முதுகு முக்கியம்.

சாப்பாட்டிலும் அவளுக்குச் சட்டங்கள் உண்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். தட்டில் விழுந்தது தட்டிலேயே தீர வேண்டும். அப்பா சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. அப்பா ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். வேலையில் இருந்தவரை வேகமாகச் சாப்பிட்டதற்கெல்லாம் இப்போது ஈடுகட்டுகிறார். கெட்டியான பருப்பு சூப், வாட்டிய ரொட்டி, வேகவைத்த உருளைக்கிழங்கு என்று சாதாரணச் சாப்பாடுதான். ஆனால் பானை பெரிசு. அடியில் வழித்ததை ஸ்பேருக்குப் போட்டு, பானையைக் கழுவிய தண்ணீரையும் அதன் கஞ்சியில் ஊற்றிவிடுவாள். என் சூப்பில் ஒருதரம் பூனை முடி கிடந்தது. சொன்னேன். "எடுத்துப் போட்டுட்டுச் சாப்பிடுங்க சார், அதுக்குத் தனியா காசு வாங்க மாட்டேன்," என்றாள்.

இந்த வீட்டுக்கு ஒரே ஒரு எதிரி. அவளுடைய சொந்த அண்ணன். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஊரின் மறுகோடியில் புதிய அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறார். அங்கே எல்லா அறையிலும் சுவரோரமாகச் சூடு ஓடுகிறது. வெளியே பனி கொட்டினாலும் உள்ளே அரைக்கைச் சட்டையோடு நடமாடலாம். அவர் இங்கே வந்தால் உட்காருவதற்கு முன்னால் சீட்டை இரண்டு தட்டுத் தட்டுவார். முடி பறக்கும். அக்காவுக்கு முகம் சிவக்கும்.

இந்தக் குளிரில் அப்பாவுக்கு இருமல் வந்தது. நான் கீழே இருந்த நேரத்தில் அண்ணன் வந்து நின்றார். "அப்பாவை நாயோட ஒரே சீட்டுல உட்கார வெச்சிருக்கே. வெளியில சொன்னா வெட்கக்கேடு."

"நாய்க்கு ஒரு வெட்கமும் இல்ல. உனக்கென்ன வந்தது?"

"விளையாடாதே. இந்த முடியும் புகையும் நெஞ்சுக்கு ஆகாது. அவர் இனிமே என்கிட்டயே இருக்கட்டும்."

எனக்கு அண்ணன் மேல் கோபம் வந்தது. அடுத்த நிமிடமே அவர் சொன்னதில் பாதியாவது சரிதானே என்றும் தோன்றியது. அது என் கோபத்தை இன்னும் கூட்டியது. அப்பாவோ, வாழ்நாள் முழுக்க அவ்வளவு பெரிய வண்டியைத் திருப்பியவர், வீட்டில் யார் எந்தப் பக்கம் திருப்பினாலும் திரும்பிவிடுவார். "கொஞ்ச நாள் இருந்து பார்க்கறேம்மா," என்றார். மகளுக்குப் பாரமாக இருக்கிறோமோ என்ற நினைப்பும் அவருக்குள் இருந்திருக்கும்.

"போங்கப்பா. உங்க இஷ்டம்," என்றாள் அக்கா. அன்று மாலை முழுவதும் பாத்திரங்களை அவள் உருட்டியது மாடிவரை கேட்டது. அப்பா திரும்பி வரவே மாட்டாரோ என்று அவளுக்குப் பயம். கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டாள். தபால்காரர் ஒருநாள் களைப்பில் அடுப்போரச் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். "எழுந்திருங்க, அது ரிசர்வ்," என்று விரட்டினாள். அவர் தன் குமாஸ்தாவைத் தூக்கிக்கொண்டு பழைய இடத்துக்கே போனார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் கீழே போவது வழக்கம். கையில் விறகோ கிழங்கோ இருந்தால்தான் வரவேற்பு. அந்த ஞாயிறு நான் போய் உட்கார்ந்த சிறிது நேரத்தில் அண்ணன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் கோட்டைக் கழற்றவில்லை, ஷூவையும் கழற்றவில்லை. அப்பா தன் பாதிச் சீட்டில் போய் உட்கார்ந்தார். இருமல் இல்லை. ஆனால் முகம் வெளிறி, கண் உள்ளே போயிருந்தது. ஸ்பேர் அவர் மடியில் ஏறி, இறங்க மாட்டேன் என்று கிடந்தது.

"மிச்சத் துணியை எடுத்துக் குடு. கிளம்பணும்," என்றார் அண்ணன்.

"சாப்பாட்டு நேரம். சாப்பிட்டுட்டுப் போ."

"சாப்பாடா? அதைப் பத்தித்தான் கேக்கணும்." அண்ணன் குரல் உயர்ந்தது. "இவரை இங்க பட்டினி போட்டிருந்தியா?"

சூப் கிளறிக்கொண்டிருந்த கரண்டி நின்றது. "என்ன சொன்னே?"

"காலையில எழுந்து பார்த்தா கிச்சன்ல உட்கார்ந்திருக்கார். மத்தியானமும் அங்கேயே. நாங்க படுக்கப் போறப்பவும் அங்கேயே, ஸ்டூல்ல. உங்க அண்ணி பாவம், பசிக்குதுபோலன்னு ரொட்டி குடுத்தா. சாப்பிட்டார். முட்டை குடுத்தா. அதையும் சாப்பிட்டார். பால் குடுத்தா, குடிச்சார். மறுபடியும் அங்கேயே உட்கார்ந்தார், அவ மறுபடியும் குடுத்தா. கடைசியில வயிறு கெட்டுப்போய் டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடினோம். காஞ்சு கிடந்த வயிறு இல்லேன்னா யாராவது இப்படிச் சாப்பிடுவாங்களா?"

கஞ்சத்தனம், நாய்க்கூண்டு, புகைக்கூடு என்று எத்தனையோ பேச்சைக் கேட்டுச் சிரித்தவள்தான். இதற்கு அவள் சிரிக்கவில்லை. திரும்பிய கட்டைவிரலை நீட்டினாள். இந்த முறை அது யாரைக் காட்டுகிறது என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. "நான் வெந்நீர்ல சிக்கனம் பிடிப்பேன். விறகுல பிடிப்பேன். சோத்துல பிடிச்சதா ஒருத்தர் சொல்லட்டும், இந்த அடுப்பை இப்பவே அணைச்சிடறேன். இந்த வீட்டுல பூனைகூட ஒரு வேளை பட்டினி கிடந்ததில்ல."

"அப்போ இவரு ஏன்..."

"அவரையே கேளேன். வாயில்லாத ஜீவனா அவர்? அப்பா, உங்களுக்கு அங்க பசிச்சுதா?"

அப்பா நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். "இல்லம்மா."

"பசிக்காமயா அவ்வளவையும் சாப்பிட்டீங்க?" என்றார் அண்ணன்.

"தட்டுல போட்டதை எப்படிடா மிச்சம் வைக்கறது?"

தபால்காரர் சிரிப்பை அடக்கக் குமாஸ்தாவின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அண்ணன் விடவில்லை. "சரி. உங்களுக்குன்னு தனி ரூம் குடுத்திருந்தோமே, நல்லா சூடா. அதை விட்டுட்டு கிச்சன்ல எதுக்குப்பா உட்கார்ந்தீங்க?"

ஏதோ தப்புச் செய்துவிட்டதாகவே அப்பா நினைத்திருக்க வேண்டும். குரல் அப்படித்தான் வந்தது. "ரூம் நல்லாத்தான் இருந்ததுடா. ஒரு குறையும் இல்ல. வெளியில அவ்வளவு குளிரா இருந்தது, அதான்... எல்லாரும் எப்படியும் அடுப்புகிட்டதானே வருவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன். யாரும் வரல."

அண்ணன் வீட்டில் அவரவர் தட்டை அவரவர் அறைக்கு எடுத்துப் போய்விடுவார்கள் என்று எனக்குப் பிறகு தெரிந்தது. அறையெல்லாம் சூடாக இருக்கும்போது சமையலறையில் யாருக்கு என்ன வேலை?

அண்ணன் கார் சாவியைக் கையில் உருட்டினார். "சொல்லியிருக்கலாம்லப்பா," என்றார், மெதுவாக. பிறகு, தோற்றுப்போனதாக நாங்கள் நினைத்துவிடக் கூடாது என்றோ என்னவோ, தங்கையைப் பார்த்து விறைத்தார். "குளிர்காலம் இன்னும் பாதி கிடக்கு. மறுபடி இருமல் வந்தா யாரு பொறுப்பு? துணியை எடு."

அக்கா துணியை எடுக்கவில்லை. கரண்டியைப் பானையின் மேல் வைத்துவிட்டு, அப்பாவின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். அவருடைய ஷூ நாடாக்களை அவிழ்த்தாள். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டையும் கழற்றிச் சுவரோரமாகத் தள்ளினாள். அதோடு எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்து, "ஏய், என்ன பண்றே, விடு," என்று பின்வாங்கிய அண்ணனின் காலைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அவருடைய ஷூ நாடாவையும் அவிழ்க்கத் தொடங்கினாள்.