வைரஸுக்குப் பயந்து அழித்த மெயில்

காலையில் சகலை ஒரு வாட்ஸப் தகவல் அனுப்பியிருந்தார். ஏதோ ஒரு படத்தைத் தொட்டால் போன் செத்துவிடுமாம், பத்துப் பேருக்கு அனுப்ப வேண்டுமாம். நீங்கள் சிரித்துவிட்டுப் போகலாம். எனக்குச் சிரிக்க யோக்கியதை இல்லை.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் விருத்தாசலத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். பீங்கான் கம்பெனி ஆட்கள் வந்துபோனால் கீபோர்டெல்லாம் வெள்ளை மாவாகிவிடும். துடைப்பது என் வேலை. வருபவர்களுக்கு மெயில் திறந்து படித்துக் காட்டுவதும் நான்தான். அவர்களுடைய பாஸ்வேர்டெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, யார் வேண்டுமானாலும் புரட்டும்படி மேசைமேல் கிடக்கும். அதில் ஒரு ஆபத்து இருப்பதாக எனக்கு உறைக்கவே இல்லை. கம்ப்யூட்டர் படித்தவன் என்ற மிதப்பு வேறு.

ஒருநாள் ஒரு எச்சரிக்கை மெயில் வந்தது. இணைப்போடு வரும் மெயிலைத் திறந்தால் ஹார்டு டிஸ்க் எரிந்துவிடும், உடனே அழியுங்கள், எல்லோருக்கும் சொல்லுங்கள் என்று. சொன்னேன். அதோடு விட்டேனா? நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் கணக்காகத் திறந்து, இணைப்போடு இருந்ததையெல்லாம் ட்ராஷிலும் விடாமல் அழித்தேன். ஊரைக் காப்பாற்றிய பெருமையோடு போய் டீ குடித்தேன்.

மறுநாள் மங்கலம்பேட்டையிலிருந்து மும்தாஜ் அக்கா வந்தார். கணவர் துபாயில். அக்காவின் தம்பிக்கும் அங்கேயே வேலை பிடித்து, விசா காப்பியைக் கணவர் மெயிலில் அனுப்பியிருந்தாராம். அதைப் பிரிண்டு எடுத்து அன்றே மெட்ராஸுக்குக் கொண்டுபோக வேண்டும்.

"அனுப்பிட்டேன்னு எங்க வீட்டுக்காரரு சொன்னாரு. நல்லா பாரு தம்பி."

முந்தின நாள் அழித்ததில் அவர் கணவர் பெயரைப் பார்த்தது ஞாபகம் வந்தது. சொன்னால் வேலை போய்விடுமே என்ற பயம்.

"ஒண்ணும் வரலியேக்கா."

அக்கா பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார். கணவரிடம் பேசியது கண்ணாடிக் கதவைத் தாண்டிக் கேட்டது. "எந்தம்பி முன்னுக்கு வர்றது புடிக்கலன்னா நேரா சொல்லிடுங்க! எதுக்கு இந்தப் பொய்யி?"

கணவர் இருந்த தொழிலாளர் கேம்பில் போன் மட்டும்தான், மெயில் அனுப்ப வெள்ளிக்கிழமைதான் டவுனுக்கு வர முடியும். வந்து திரும்ப அனுப்புவதற்குள் வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. எச்சரிக்கை வெறும் புரளி என்று பிறகு தெரிந்தது. நிஜமான வைரஸும் ஒருநாள் வந்தது, நான் கேம்ஸ் ஏற்றிவந்த பிளாப்பியில்.

போன மாதம் பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். கணவர் இறந்து ஒரு வருஷமாம்.

"கடைசி வரைக்கும் அனுப்பினேன்னுதான் சாதிச்சாரு. எனக்கு மனசே ஆறல. நீ பாத்துட்டுத்தான சொன்ன தம்பி?"

"ஆமாக்கா" என்றேன்.

வெட்கங்கெட்டவன். சென்டர் இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. பூத்தும் இல்லை, அந்த மனுஷனும் இல்லை. அவர் பொய் சொல்லவில்லை என்று தெரிந்த ஒரே ஆளாக நான் மட்டும் மிச்சம் இருக்கிறேன்.