கோவாப் புழு

இன்று முட்டைக்கோஸை, எங்கள் பேச்சில் கோவாவை, வெட்டியபோது உள்ளே பச்சையாக ஒரு புழு நெளிந்தது. கிழிந்த இலையின் காரநெடி என்னைக் கனடாவின் விட்பி நகரில் அம்மா கூலிவேலை செய்த தோட்டத்துக்கே இழுத்துப்போனது. மருந்தடிக்காத தோட்டம் என்பதால், கோடை முழுக்க அம்மாவும் அன்ரிமாரும் காலை ஈரத்தில் குனிந்து, புழுக்களை விரலால் பொறுக்கிவிட்டுத்தான் கோவா வெட்டுவார்கள், நான் பெட்டி பிடிப்பேன். எங்கள் அகதி வழக்கு முடியாத காலம்.

"உவருக்குக் கேஸும் இல்லை, லோயரும் இல்லை, வந்தார், இருந்திட்டார்!" என்று அம்மா புழுவைத் தூக்கிக் காட்ட, தோட்டமே சிரிக்கும். வீட்டில் அம்மா அப்படிச் சிரித்ததில்லை.

பிறகு அந்தத் தோட்டத்தை மூடிவிட்டு அங்கே கட்டிய வீடுகளில் ஒன்றைப் பெருமையோடு வாங்கியவன் நான். புழுவைப் பின்வளவில் விட்டேன். புல்லைத் தவிர அங்கே ஒன்றுமில்லை.

"உவருக்கு இப்ப வீடிருக்கு, கோவாதான் இல்லை" என்றிருப்பார் அம்மா, இருந்திருந்தால். புழுவையா, என்னையா என்று நான் கேட்டிருக்கமாட்டேன்.