ஓர் அன்னமாவது வெளியே தெரியணும்

வாஷி லாட்ஜ் வாசலிலிருந்து பஸ் கிளம்பியிருந்தது. மும்பையைப் பார்க்கக் கோவில்பட்டியிலிருந்து வந்த கூட்டம். மைக்கைப் பிடித்து அன்றைய நிகழ்ச்சி நிரலைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் செம்பூரிலிருந்து விசாலம் மேடத்தின் தம்பி ராமச்சந்திரனின் போன் வந்தது. “செல்லத்துரை, அக்கா போய்ட்டா. கார்த்தால காப்பி கொண்டுபோய் எழுப்பினேன், எழுந்துக்கலை. சாயங்காலம் எடுக்கறோம், வந்துடுங்கோ” என்றார். மைக்கை அணைக்க மறந்திருந்தேன். நான் “ஐயோ” என்றது பஸ் முழுக்கக் கேட்டது.

முன் சீட்டில் பேச்சியம்மாள் என்றொரு அம்மா. “என்னய்யா ஆச்சு?” என்றார். தெரிந்தவர் ஒருவர் தவறிவிட்டார் என்றேன். “சொந்தமா?” என்று கேட்டார். “சொந்தம் இல்லம்மா. நானும் அவுகளும் பாக்கிற எடத்துல எல்லாம் சண்டை போட்டுக்கிடுவோம்” என்றேன். மைக்கை அணைத்தேன். நாங்கள் போய்க்கொண்டிருந்ததே அவருடைய குகைக்குத்தான்.

விசாலாட்சி என்ற விசாலம் மேடத்தை செம்பூர்க்காரர்களான உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மார்க்கெட்டில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்க்காமல் வாங்கும் ஒரே பாலக்காட்டு மாமி என்று அவரை நீங்கள் கேலி செய்ததுண்டு. “தொட்டுத் தொட்டே எல்லாத்தையும் பாழ் பண்றோம், காயாவது பிழைக்கட்டும்” என்பார். தொல்லியல் துறை ஆபீஸில் அவர் வேதியியல் பிரிவு. பழைய கோயில்கள், குகைகளின் கல்லையும் சுண்ணாம்பையும் வண்ணத்தையும் காப்பாற்றுவது அவருடைய உத்தியோகம். நான் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் பிறந்து வளர்ந்தவன். ஊரிலிருந்து ஷீரடிக்கும் திரியம்பகத்துக்கும் வருகிறவர்களை பஸ்ஸில் ஏற்றி மும்பையைச் சுற்றிக் காட்டுவது என் பிழைப்பு. அவர் காப்பாற்றுகிற இடத்துக்கு நான் கூட்டம் கொண்டுவருகிறவன். பிறகு எப்படிச் சண்டை வராமல் இருக்கும்?

குகை வாஷிக்கு அப்பால், மலையடிவாரத்தில் இருக்கிறது. முன்னால் ஒரு மண்டபம், உள்ளே சின்னக் கருவறை, அதில் ஒரு லிங்கம். கருவறையின் கூரையில் வரிசையாக அன்னங்கள் வரையப்பட்டிருக்கின்றன. நிறம் பாதி உதிர்ந்துவிட்டது. ஒரு காலத்தில் கல்லூரிப் பிள்ளைகள் எப்போதாவது வருவார்கள். புது ரோடு போட்டார்கள், யாரோ ஒருவர் போனில் வீடியோ எடுத்துப் போட்டார், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை கால் வைக்க இடம் இருக்காது. அந்த அன்னங்கள் பிழைக்குமா, பிழைக்காதா என்பதுதான் அவருக்குக் கடைசிவரை இருந்த ஒரே கவலை.

முதல் தடவை நான் போனபோது வழக்கம்போல மைக்கோடு மண்டபத்துக்குள் நுழைந்தேன். உள்ளிருந்து ஓர் அம்மா வந்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தார், கையில் பஞ்சு. “உங்க பேரென்ன?” என்றார். சொன்னேன். “மிஸ்டர் செல்லத்துரை, மைக்கை வெச்சுட்டு வாங்கோ. இது பஸ் இல்லையாக்கும்.” அன்றிலிருந்து நான் அவருக்கு ‘மிஸ்டர்’ செல்லத்துரைதான். கோபம் ஏற ஏற அந்த மிஸ்டர் நீளும்.

அதே நாளில்தான் என் கூட்டத்தில் ஒருவர், லிங்கத்தைக் கண்டதும் மடியிலிருந்து கற்பூரத்தை எடுத்து ஏற்றிவிட்டார். நம் ஆட்களிடம் என்ன சொன்னாலும், லிங்கம் என்றால் லிங்கம்தான். அதை அருங்காட்சியகப் பொருளாகப் பார்க்க அவர்களுக்குத் தெரியாது. அபராதம் போடப்போகிறார், போலீஸைக் கூப்பிடப்போகிறார் என்று நினைத்தேன். மேடம் கைகூப்பி நின்றார். கற்பூரம் எரிந்து முடிகிறவரை நின்றார். உள்ளங்கையைச் சுடரின் மேல் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எல்லாரும் வெளியேறிய பிறகு மண்டிபோட்டு உட்கார்ந்து, பஞ்சால் அந்தக் கரியைத் துடைக்க ஆரம்பித்தார்.

“தடுத்திருக்கலாம்லா மேடம்?” என்றேன்.

“எரியற கற்பூரத்தை ஊதி அணைக்க மனசு வரலை. அடுத்த தடவை ஏத்தறதுக்கு முன்னாடி நீங்க தடுங்கோ. நீங்க கூட்டிண்டு வந்த ஜனமாக்கும்.”

அப்படித்தான் பாதி வேலையை என் தலையில் கட்டினார். நானும் பஸ்ஸிலேயே கற்பூரம், எண்ணெய், குங்குமம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி வைக்கப் பார்த்தேன். யார் கொடுப்பார்கள்? கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். வெளியே ஆலமரத்தடியில் உருண்டையாக ஒரு கல்லைப் போட்டு, “கற்பூரம் ஏத்தறவா இங்க ஏத்திக்கட்டும்” என்றார். கல்லுக்குப் பெயரில்லை, கதையில்லை. சும்மா ஒரு கல்.

ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அந்தக் கல்லுக்கு வேட்டி கட்டியாகிவிட்டது. விபூதி பூசியாகிவிட்டது. தேங்காய் விற்க ஒருவர் கடை விரித்துவிட்டார். “மரத்தடி லிங்கம் இருக்குல்லா, அங்க வேண்டிக்கிட்டா பலிக்குமாம், கூட்டிட்டுப் போவீங்களா?” என்று சாத்தூரிலிருந்து எனக்கே போன் வந்தது. குகையைப் பார்க்க வந்த கூட்டம் போதாதென்று கல்லைப் பார்க்கத் தனிக் கூட்டம்! எனக்குச் சிரித்து மாளவில்லை. அவரிடம் போய், “கூட்டத்தைக் குறைக்கச் சொன்னா புதுக் கோயிலே கட்டிட்டீங்களே மேடம்” என்றேன்.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். “சிரிங்கோ, சிரிங்கோ. இன்னிக்கு அதை எடுத்துப் போட்டுடலாம்னுதான் வந்தேன். கிட்டப் போனதும் என் கை தானா கூப்பிண்டுடுத்து. நான் போட்ட கல்லை நானே கும்பிட்டுட்டேன் மிஸ்டர் செல்லத்துரை!”

அந்தக் கல்லை அவர் எடுக்கவில்லை. இன்றும் அங்கேதான் இருக்கிறது. ஒன்று சொல்ல வேண்டும்: அதற்குப் பிறகு உள்ளே யாரும் கற்பூரம் ஏற்றவில்லை.

அவர் கண்டுபிடித்த இன்னொரு முறை இதைவிடப் பிரமாதம். கருவறைக்குள் போகுமுன் எல்லாரையும் மண்டபத்தில் நிறுத்திக் கண்ணை மூடச் சொல்வார். “வெயில்லேர்ந்து வரேள், உள்ள ஒண்ணும் தெரியாது. உடனே போனை எடுத்து வெளிச்சம் அடிப்பேள். அது வேண்டாம். கண்ணு இருட்டுக்குப் பழகட்டும், அன்னம் தானே தெரியும், கேட்டேளா.” பாதிப் பேர் பொறுக்காமல் வெளியே சுட்ட மக்காச்சோளம் விற்பவரிடம் போய்விடுவார்கள். மேடத்துக்கு அதுவும் லாபம். நின்றவர்களைச் சிறு சிறு பிரிவாக உள்ளே அனுப்புவார். நான் பின்னால் நின்று, “மேடம், சாப்பாட்டுக்கு ஓட்டல்ல சொல்லி வச்சிருக்கேன், சீக்கிரம்” என்று கத்துவேன். அவர் திரும்பியே பார்க்க மாட்டார்.

ஆனால் கூட்டம் அதையெல்லாம் தாண்டிப் பெருகியது. விடுமுறை நாளில் கருவறைச் சுவரைத் தொட்டுப் பார்த்தால் ஈரமாக இருக்கும். “மூச்சு விடறது தப்பில்லை. எல்லாரும் சேர்ந்து ஒரே ரூம்ல விட்டா சுவர் வேர்க்கும். வேர்த்துக் காயறச்சே உப்பு பொங்கி, வர்ணத்தைத் தள்ளிண்டு வரும்” என்று எனக்கு விளக்கினார். கீழே விழுந்திருந்த ஒரு செதிலைக் காகிதத்தில் எடுத்துக் காட்டினார். வெளிர்சிவப்பாக, நகத்தளவு இருந்தது. எந்த அன்னத்துடையது என்றேன். “அலகு” என்றார். அன்று நான் சண்டை போடவில்லை.

போன வருஷம் ஒரு நாள் காலை ரயிலில் வந்தார். என் குழுக்கள் வாஷியில் தங்குவதால் நான் குர்லாவில் ஏறி ஹார்பர் லைனில் போவேன். அவர் செம்பூரில் ஏறுவார். காலையில் அந்தப் பக்கம் கூட்டம் இருக்காது, எதிரெதிரே உட்கார்ந்துகொள்வோம். அன்று அவர் டிபன் டப்பாவைத் திறக்கவில்லை. “கருவறையை மூடப்போறோம். மூடணும்னு எழுதிக் கொடுத்ததே நான்தான். வேற யாராவது சொல்லி நீங்க கேக்கப்படாதுன்னு நானே சொல்றேன்” என்றார்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. “அப்போ நான் யாரைக் கூட்டிட்டு வரட்டும்? பூட்டையா காட்டட்டும்? ஜனங்களைச் சேத்துக்கிடணும் சேத்துக்கிடணும்னு இத்தனை நாளும் நீங்க சொன்னது பூராவும் என்னத்துக்கு?” என்று கத்தினேன். மான்குர்த்தில் ஏறிய ஒருவர் “க்யா ஹுவா பாய்?” என்று இந்தியில் என்ன ஆச்சென்று கேட்கும் அளவுக்கு. ரயில் பாலத்தில் ஏறியது. மேடம் கடற்கழியைப் பார்த்துக்கொண்டே, “ஆபீஸ்ல மண்டப வாசலுக்கே இரும்புக் கதவு போடணும்னா. நான் ஒத்துக்கலை. கருவறைக்கு மட்டும் கம்பிக் கதவு, அதுவும் நிலைக்கு உள்ள தள்ளி. முதல் அன்னம் கதவுக்கு இந்தப் பக்கம் வரும். ஓர் அன்னமாவது வெளியே தெரியணும்” என்றார்.

“அதுவும் மூச்சுப் பட்டுப் போயிடும்லா?”

“போகும். அது ஜனங்களோடது. மத்ததை நான் வெச்சுக்கறேன், அதை அவாளுக்குக் குடுத்துடறேன். போனாலும் நாலு பேர் பார்த்துப் பார்த்துப் போகட்டும்.” அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்று ஒரு தடவைதான்.

கதவு போடுவதற்கு முந்தின நாள் என்னைத் தனியாக வரச் சொன்னார். “கூட்டம் வேண்டாம். நீங்க மட்டும்.” போனேன். மண்டபத்தில் நிறுத்தி, “கண்ணை மூடுங்கோ” என்றார். “எனக்கு எதுக்கு மேடம்? நான் பாக்காத அன்னமா?” என்றேன். “எப்போ பார்த்தேள்? எப்பவும் எண்ணிண்டே இருப்பேள், யாரைக் காணோம், யார் பஸ்ஸுக்கு வரலைன்னு. மூடுங்கோ.”

மூடினேன். வெளியே கிளிகள் சத்தம். அவருடைய மூச்சு கேட்டது. போதும் என்று அவர் சொன்னதும் உள்ளே போய் அண்ணாந்து பார்த்தேன். முதலில் வெறும் பாறை. பிறகு ஒரு கழுத்து வளைந்து வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. ஒன்று தலையைத் திருப்பி, பின்னால் வருகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு தாமரைத் தண்டு. வருஷக்கணக்காக மைக்கில் நான் வர்ணித்த அன்னங்கள் அவை. தாமரைத் தண்டைப் பற்றி நான் ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்கே தெரியாது.

“இப்ப சண்டை போடுங்கோ” என்றார். நான் இன்னும் அண்ணாந்தபடிதான் நின்றேன்.

அவர் தவறிய அன்று கோவில்பட்டிக் கூட்டத்தோடு மண்டபத்துக்குள் நுழைந்தேன். கம்பிக் கதவில் பூட்டு. “பூட்டிக் கெடக்கே! இதுக்கா இம்புட்டு தூரம் வந்தோம்?” என்றார் ஒருவர். மைக்கை பஸ்ஸிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். “எல்லாரும் கொஞ்சம் கண்ண மூடிக்கிடுங்க. போன் வேண்டாம்” என்றேன். “பூட்டின கதவுக்கு முன்னால எதுக்குய்யா?” என்று பேச்சியம்மாள் கேட்டார். கேட்டுக்கொண்டே மூடினார். நானும் மூடினேன். நேரம் ஆகிறது என்று நான் யாரையும் விரட்டவில்லை.

கண்ணைத் திறந்து எல்லாரும் கம்பிக்கு இந்தப் பக்கத்துக் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு பேச்சியம்மாள் மெல்ல, “ஏய், அந்தா கெடக்கு பாரு. வாயில என்னமோ கவ்வியிருக்கு” என்றார்.

கூட்டத்தை டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு ரயில் பிடித்து செம்பூர் வந்தேன். அவர் வீட்டு மாடிப்படி முழுக்கச் செருப்பு. கதவு திறந்திருந்தது. வெயிலில் வந்த எனக்கு உள்ளே ஒன்றும் தெரியவில்லை, தரையில் வெள்ளையாக ஏதோ நீளமாக இருந்தது மட்டும் தெரிந்தது. நிலைப்படிக்கு வெளியே கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட்டேன். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது இப்படி நிற்பது ஒன்றுதான். இனி எங்கே நுழைந்தாலும் நிற்பேன்.

“ஏன் அங்கேயே நிக்கறேள்? உள்ள வாங்கோ” என்றார் ராமச்சந்திரன்.

“இந்தா வாரேன். கண்ணு பழகட்டும்” என்றேன்.